பழைய வீடு விற்பனை: இன்டெம்னிட்டி இன்சூரன்ஸ் கேட்கிறார்கள், அவசரம்

வேம்பு:
வணக்கம். வீட்டு விற்பனை கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டது. இப்போது போய் வாங்குபவரின் சொலிசிட்டர் (வக்கீல்) இன்டெம்னிட்டி இன்சூரன்ஸ், அதாவது வீட்டின் பழைய குறையால் பின்னால் வரக்கூடிய செலவுக்கான காப்பீடு, எடுத்துத் தரச் சொல்கிறார். விற்கிற நான் ஏன் கட்ட வேண்டும்? நாளைக்கு உள்ளூர் கவுன்சிலுக்குப் போன் போட்டுக் கேட்டுவிடலாமா?

மேகலா_எஸ்:
போன் மட்டும் போட்டுவிடாதீர்கள் தம்பி! அனுமதி இல்லாத வேலையைப் பற்றிக் கவுன்சிலிடம் வாய் திறந்தாலே அந்த பாலிசி கிடைக்காமல் போகலாம். கவுன்சில் நடவடிக்கை எடுத்தால் வரும் செலவுக்குத்தான் காப்பீடே.

கடலோடி:
எதற்கான பாலிசி என்று சொல்லவே இல்லையே. எக்ஸ்டென்ஷனா, ஜன்னலா, சுவரை இடித்தீர்களா? இங்கிலாந்தா, ஸ்கொட்லாந்தா? அங்கே நடைமுறையே வேறு.

நிலா72:
பழைய வீடு என்றால் சான்சல் ரிப்பேராகத்தான் இருக்கும். பக்கத்துத் தேவாலயத்தின் சான்சலை (பீடப் பகுதியை) பழுதுபார்க்கும் செலவு வீட்டுக்காரர் தலையில் விழும். 2003இல் பிரபுக்கள் சபை (அப்போதைய உச்ச நீதிமன்றம்) வரை போன வழக்கு இருக்கிறது.

பத்திரம்:
இதை இங்கே பலமுறை எழுதியிருக்கிறேன், யாரும் தேடிப் படிப்பதில்லை. நிலப் பதிவேட்டில் ஏறாத சான்சல் பொறுப்பு, 2013 அக்டோபர் 13க்குப் பிறகு விலை கொடுத்து வாங்கிப் பதிவு செய்தவரைக் கட்டுப்படுத்தாது. கேள்வி கேட்பவர் முதலில் விவரத்தைச் சொல்லட்டும்.

வேம்பு:
இங்கிலாந்துதான். விக்டோரியா காலத்து வீடு. கீழ் அறையில் சிம்னி பிரெஸ்ட்டை (புகைபோக்கியைத் தாங்கி அறைக்குள் நீண்டிருக்கும் செங்கல் பகுதி) இடித்திருக்கிறார்கள், நாங்கள் வாங்கும் முன்பே. சான்றிதழ் எதுவும் இல்லை.

நிலா72:
அப்படியென்றால் பயமே இல்லை. நாலு வருஷம் தாண்டினால் கவுன்சில் கைவைக்க முடியாது.

பத்திரம்:
நாலு வருஷம் என்பது பிளானிங் (கட்ட அனுமதி) விதி. இங்கிலாந்தில் 2024 ஏப்ரல் 25 முதல் அதுவும் பத்து வருஷமாகிவிட்டது. அதற்கு முன் முடிந்த வேலைக்கு மட்டும் பழைய கணக்கு. இவர் கேட்பது பில்டிங் ரெகுலேஷன், அதாவது கட்டடப் பாதுகாப்பு விதி. அது தனிச் சட்டம். ஆபத்தான கட்டடம் என்றால் காலக்கெடு பார்க்காமல் நீதிமன்றத் தடையாணைக்கும் போகலாம்.

நிலா72:
தெரிந்ததைச் சொன்னேன். அதற்காக எல்லாருக்கும் வகுப்பெடுக்க வேண்டாம்.

மேகலா_எஸ்:
சண்டை வேண்டாமே. தம்பி, பிரீமியம் ஒரே தடவைதான், பாலிசி அடுத்தடுத்து வாங்குபவருக்கும் செல்லும். யார் கட்டுவது என்பது பேச்சுவார்த்தை. பெரும்பாலும் விற்பவர் தலையில்தான் விழும். TA6 படிவத்தில் (விற்பவர் வீட்டைப் பற்றிய விவரம் தரும் படிவம்) சிம்னி விஷயத்தை உள்ளபடி எழுதுங்கள்.

கடலோடி:
எனக்குக் கவலை வேறு. மேல் மாடியிலும் பரணிலும் சிம்னி இன்னும் நிற்கிறதா? கீழே எடுத்துவிட்டால் மேலே உள்ள செங்கல் பாரத்தை எது தாங்குகிறது? கவுன்சில் நடவடிக்கையால் வரும் செலவைப் பாலிசி தரும், சரிகிற செங்கலைத் தாங்காது. உள்ளே குடிவருபவரின் பிள்ளைகள் அதற்குக் கீழேதான் தூங்குவார்கள்.

வேம்பு:
பரணில் டார்ச் அடித்துப் பார்த்தேன். செங்கல் அப்படியே நிற்கிறது, அடியில் மரக்கட்டைதான், இரும்பு பீம் இல்லை. ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியரை வரச் சொல்லியிருக்கிறேன். வாங்குபவரிடமும் சொல்லிவிட்டேன்.

கடலோடி:
நல்ல வேலை செய்தீர்கள். பீம் போட்டுச் சரிசெய்வதென்றால் பில்டிங் கண்ட்ரோலுக்கு (பில்டிங் ரெகுலேஷனைச் சரிபார்ப்பவர்கள்) போய்த்தான் ஆக வேண்டும். அப்போது பாலிசியை மறந்துவிட்டு முடிவுச் சான்றிதழை வாங்கிக்கொள்ளுங்கள். சிம்னி இருப்பது பக்கத்து வீட்டோடு பொதுச் சுவரிலா? அப்படியானால் 1996 பார்ட்டி வால் சட்டப்படி அவர்களுக்கு நோட்டீஸும் தர வேண்டும்.