சிங்க் போடாட்டி ஐபி வராதாம்!

மாங்குளத்தான்: நேற்று இஞ்சை ஒருத்தர் எழுதியிருக்கிறார், ஃப்றீபிஎஸ்டி எண்ட ஒப்பறேற்றிங் சிஸ்ரத்திலை மெசினுக்கு நெற்வேர்க் விலாசம், அதுதான் ஐபி, தானா வரோணுமெண்டா ‘சிங்க்டிஎச்சிபி’ எண்டுதான் போடோணுமாம், வெறும் ‘டிஎச்சிபி’ வேலை செய்யாதாம். ஆர் சொன்னது? ஆர்சி.கொன்ஃப் எண்ட செற்றிங் கோப்பிலை நெற்வேர்க் காட்டின்ரை பேருக்கு நேரை டிஎச்சிபி எண்டு ஒரு வரி. அவ்வளவுதான். என்ரை கடை மெசின் அப்பிடித்தான் ஓடுது.

வவுனியா வயர்மன்: எழுதினது நான். பேரைச் சொல்லியே கேக்கலாமே, பயமோ? வெறும் டிஎச்சிபி போட்டா, வயரிலை சிக்னல் வாறதைக் கவனிக்கிற டெவ்டி, ஐபி கேட்டு வாங்கிற டிஎச்கிளையன்டைப் பின்னாலை கிளப்பிவிடும், பூட் தன்ரை பாட்டிலை போகும். ஐபி வரமுதல் என்எஃப்எஸ், அதுதான் வேறை மெசினிலை கிடக்கிற கோப்புகளை, மவுண்ட் பண்ண வெளிக்கிட்டு ‘நோ றூட் டு ஹோஸ்ட்’ எண்டு திரை முழுக்கக் கத்தும். சிங்க் போட்டா நிண்டு ஐபி வாங்கிக்கொண்டுதான் அடுத்த வேலை.

மாங்குளத்தான்: வாசிச்சுப்போட்டு எழுதும் ஐசே. பூட்டிலை ஓடுற டிஃபோல்ட்றூட் ஸ்கிரிப்ட், வெளியிலை போற வழி கிடைக்குதோ எண்டு 30 செக்கன் பாத்துக்கொண்டு நிக்கும். 30!

பரந்தன் பெடியன்: அண்ணையவை, டிஎச்சிபி எண்டா என்னெண்டு ஆராவது ஒருக்காச் சொல்லுங்கோவன். நான் இப்பதான் லினக்ஸுக்கே வந்தனான்.

வவுனியா வயர்மன்: வயரிலை சிக்னல் இருந்தாத்தான் அந்த 30. இல்லாட்டி 5 செக்கனிலை விட்டிட்டுப் போயிடும். கரண்ட் நிண்டு வரேக்கை மெசினும் சுவிட்சும் ஒண்டாத்தான் எழும்புது. சுவிட்ச் லைற் பத்தமுதல் உம்மடை 30 காலி.

மாங்குளத்தான்: சுவிட்ச் பழசெண்டா சுவிட்சை மாத்தும். 30 எண்டா 30. உம்மடை சிங்கும் றவுட்டர் பதில் சொல்லாட்டி 60 செக்கனிலை கைவிட்டிட்டுப் பின்னாலை போயிடும். பிறகென்ன பெரிய சிங்க்? லினக்ஸைப் பூட் பண்ணுற சிஸ்டம்டி கதையிலையும் இப்பிடித்தான் அலட்டிப்போட்டு ஓடினனீர்.

ஒட்டுசுட்டான் அக்கா: தம்பிமார், ஃப்றீபிஎஸ்டியை விட்டிட்டு அதின்ரை சொந்தக்காரச் சிஸ்ரம் ஓப்பின்பிஎஸ்டிக்கு வாங்கோ. ஹோஸ்ட்நேம் கோப்பிலை ‘இனெற் ஓட்டோகொன்ஃப்’ எண்டு போட்டாச் சரி. 2021இலை வந்த 7.0இலை இருந்து, ஐபி வாங்கிற டிஎச்சிபிலீஸ்டி எண்ட புறோகிராம்தான் எல்லாம் பாக்குது.

மாங்குளத்தான்: அக்கா, ஓப்பின்பிஎஸ்டியை இஞ்சை ஆர் கேட்டது? வயர்மன், வெறும் டிஎச்சிபியையும் சிங்க் மாதிரி நிக்க வைக்கிற ‘சிங்க்ரனஸ்_டிஎச்கிளையன்ட்’ எண்ட செற்றிங்கை ஃப்றீபிஎஸ்டியை ஆக்கினவையே ‘நோ’ எண்டுதான் விட்டிருக்கினம். வவுனியா ரவுணிலை இருக்கிறவருக்கு வன்னிக் கரண்டைப் பற்றி என்ன தெரியும்?

வவுனியா வயர்மன்: வவுனியா வன்னியில்லையோ? வன்னித் தேர்தல் மாவட்டமே வவுனியா, மன்னார், முல்லைத்தீவுதான். கிளிநொச்சியெல்லோ யாழ்ப்பாணத்தோடை.

பரந்தன் பெடியன்: ஓய்! எங்கடை கிளிநொச்சி இரணைமடுக் குளத்தை யாழ்ப்பாணத்திலையே கட்டினவை? கேட்ட கேள்விக்குப் பதிலில்லை, இதிலை எங்களைத் தூக்கி அங்கால போடுறியள்.

ஒட்டுசுட்டான் அக்கா: தேர்தலுக்கு ஒரு கணக்கு, வெள்ளத்துக்கு ஒரு கணக்கு. அதை விடுங்கோ. 7.0...

மாங்குளத்தான்: அக்கா, கொஞ்சம் பொறுங்கோ. வயர்மன் ஐயா, 30 செக்கனுக்கு இன்னும் பதில் வரேல்லை.

வவுனியா வயர்மன்: வந்தது. 5 எண்டு எழுதினனான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசியும்.

மாங்குளத்தான்: ஞாயிறு கடைக்கு வாரும். மெயினை நிப்பாட்டிப் போட்டுப் பாப்பம், ஐபி வருதோ இல்லையோ எண்டு.

வவுனியா வயர்மன்: நான் ஏன் வரோணும்? ஏ9 றோட்டு ரெண்டு பக்கமும்தான் ஓடுது. நீர் உம்மடை மெசினைக் காவிக்கொண்டு வாரும்.

மாங்குளத்தான்: பாத்தியளே, வரமாட்டார். 30!