நியூட்ரானுக்கு சார்ஜே கிடையாதே, பொறவு எப்படி குரோமோசோம உடைக்கு?

வள்ளியூர் டீச்சர்:
எல்லாருக்கும் வணக்கம். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வீட்ல வச்சு ஜுவாலஜி டியூசன் எடுக்கேன். நேத்து மியூட்டேசன் (மரபணு மாற்றம்) பாடத்துல, 1927-ல முல்லர்ங்கற விஞ்ஞானி பழ ஈக்கு எக்ஸ்ரே குடுத்துப் பாத்ததச் சொல்லிட்டு இருந்தேன், அப்ப ஒருத்தி எந்திரிச்சு "மிஸ், நியூட்ரானுக்கு சார்ஜே இல்லல்லா, அது எப்படி டிஎன்ஏவ உடைக்கும், எக்ஸ்ரேவ விட மோசம்னு வேற சொல்லுதாவளே"ன்னு கேட்டா. அவ அப்பா கூடங்குளத்துக்கு வேலைக்குப் போறவரு, அதனால அவளுக்கு இது வெறும் மார்க்கு கேள்வி இல்ல. தப்பா ஒண்ணச் சொல்லி பிள்ளையப் பயங்காட்டிரக் கூடாதுன்னுதான் இங்க கேக்கேன்.

பாளை பிசிக்ஸ்:
டீச்சர், கேரம் காய் ரெண்ட எடுத்துக்கோங்க. ஒண்ணால ஒண்ண நேரா அடிச்சா அடிச்சது அங்கனயே நின்னுரும், அடிபட்டது ஓடும், ஏன்னா ரெண்டும் ஒரே எடை. நியூட்ரானும் ஹைட்ரஜன் கருவும் அப்படித்தான். உடம்புல பாதிக்கு மேல தண்ணியில்லா, வேகமா வார நியூட்ரான் அதுல உள்ள ஹைட்ரஜன் கருவ, அதாவது புரோட்டான, முட்டித் தள்ளிரும், சார்ஜ் உள்ள அந்த புரோட்டான்தான் வழிநெடுக அயனியாக்கிக்கிட்டே, அதாவது அணுக்கள்ல இருந்து எலக்ட்ரானத் தட்டி விட்டுக்கிட்டே போவும், டிஎன்ஏவ உடைக்கது அதுதான். அதே காய ஈயக்கட்டி மேல அடிச்சா வேகம் கொறையாமத் திரும்பி வரும், அதனாலதான் ஈயம் இதுக்கு சரிப்படாது, தண்ணி, பாரஃபின் மெழுகு, கான்கிரீட்டுதான் வேணும். ரியாக்டர் ஓடும்போது கோர்ல, அதாவது எரிபொருள் இருக்க நடுப்பகுதில இருந்து வார நியூட்ரானும் சுத்தி இருக்க தண்ணிலயும் கான்கிரீட்லயும்தான் அடங்குது, ஊருக்குள்ள பறந்து வராதுன்னு அந்தப் பிள்ளைகிட்ட தைரியமாச் சொல்லுங்க.

ஸ்லைடு அக்கா:
தம்பி சொன்னதுக்கு அடுத்தத நான் சொல்லுதேன், குரோமோசோம் ஸ்லைடு பாக்க வேலைல கொஞ்ச வருசம் இருந்தேன். எக்ஸ்ரேயோட சேதம் தூத்தல் மாதிரி அங்கங்க செதறி விழும். புரோட்டான் போன தடத்துல ஒரே இடத்துல பல வெட்டு விழும், எல்லாம் அதுலதான் இருக்கு. பத்தமடைப் பாய்ல ஒரு கோரை ஒடிஞ்சா உருவிட்டு வேற சொருகிரலாம், அதே இடத்துல பாவு நூலும் சேந்து அத்துப்போச்சுன்னா எதப் பாத்து நெய்ய? டிஎன்ஏல ஒரு இழை மட்டும் அத்தா எதிர் இழையப் பாத்து செல்லு சரிபண்ணிக்கிடும், ரெண்டும் பக்கத்து பக்கத்துல அத்தாதான் நுனி மாறி ஒட்டுறது.

ரத்தத்த 48 மணி நேரம் வளத்து, கோல்செமிட்ங்கற மருந்து போட்டு செல்லு பிரியுதத பாதில நிறுத்தி, ஜீம்சா சாயம் ஏத்தி லென்ஸ்ல பாத்தா ஊதா நிறத்துல குச்சி குச்சியாத் தெரியும். அந்தக் குச்சிதான் குரோமோசோம், ஒவ்வொண்ணுக்கும் ஒரு இடுப்புதான் (சென்ட்ரோமியர்) இருக்கணும். ரெண்டு குரோமோசோம் நுனி மாறி ஒட்டி, ரெண்டு இடுப்போட நீளமா ஒண்ணு கெடந்தா அதான் டைசென்ட்ரிக், பக்கத்துலயே அத்த துண்டும் கெடக்கும். எக்ஸ்ரேக்கு கொறஞ்ச டோஸ்ல இது ரொம்ப அபூர்வம், டோஸ் கூடக் கூட வளைஞ்சு ஏறும். நியூட்ரானுக்கு ஆரம்பத்துல இருந்தே நேர்கோடு. பாதுகாப்புக் கணக்குல ஒரே டோஸுக்கு எக்ஸ்ரேயோட கெடுதல் எடை 1-ன்னா, 1 எம்இவி (ஆற்றல் அளவு) பக்கத்துல உள்ள நியூட்ரானுக்கு 20 வரைக்கும் போடுறது இதனாலதான்.

வள்ளியூர் டீச்சர்:
ரொம்ப நன்றிக்கா, தம்பிக்கும்தான். அந்த ரெண்டு இடுப்பு குரோமோசோம் அப்படியே உடம்புலயே கெடக்குமா?

ஸ்லைடு அக்கா:
இல்லம்மா. செல்லு பிரியும்போது ரெண்டு பக்கமும் இழுபட்டு நடுவுல பாலம் மாதிரி நிக்கும், பெரும்பாலும் அந்த செல்லே செத்துரும், அதனால மாசம் போகப்போக எண்ணிக்கை கொறஞ்சிரும். ஆனா துண்டு ரெண்டும் இடம் மாறி, ஆளுக்கு ஒரு இடுப்போட ஒழுங்கா ஒட்டிக்கிட்டா செல்லு அதோடயே பிரியும். அந்த டிரான்ஸ்லொகேசன்தான் வருசக்கணக்கா நிக்கும், பழைய டோஸ கண்டுபிடிக்க அதத்தான் எண்ணுவாவ.