1963-ல் மெட்ராஸ் துறைமுகத்தில் கப்பல் ஏறிய சீனர்கள் யார்?

கதிர்_ராயபுரம்:
எங்கள் தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். சீனப் போர் முடிந்த மறு வருஷம் குழந்தை குட்டியோடு சீனக்காரர்களைக் கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள் என்று அடிக்கடி சொல்வார். அவர்கள் போர்க்கைதிகளா? அப்படியென்றால் குழந்தைகள் எப்படி? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சேது_தின்சுகியா:
தம்பி, தாத்தா சொன்னது உண்மைதான். அவர்கள் போர்க்கைதிகள் இல்லை. அசாம், ஷில்லாங், டார்ஜிலிங் பக்கம் பிறந்து வளர்ந்தவர்கள்.

நான் தின்சுகியாவில் தேயிலைக் கம்பெனிக் கணக்காளராக இருந்தேன். பக்கத்து ஊர் மாகும். தேயிலை வேலைக்காகப் பிரிட்டிஷ்காரர்கள் கொண்டுவந்த சீனர்களின் வம்சம் அங்கே இருந்தது. அசாமியப் பெண்களைக் கட்டியவர்கள் நிறையப் பேர். மரவேலை, கடை என்று பிழைத்தவர்கள். 1962 நவம்பரில் போலீஸ் வந்து வீடு வீடாகக் கூப்பிட்டிருக்கிறது. அப்போது சிறுவனாக இருந்த ஒருவர் என்னிடம் சொன்னார்: “ரெண்டு நாள்ல வந்துடலாம்னாங்க. அம்மா அடுப்புல இருந்த சோத்தை இறக்கி மூடி வெச்சுட்டு வந்தாங்க.”

அப்புறம் ஒரு வாரம் போல ரயில் பயணம். ‘எதிரி ரயில்’ என்று அதில் எழுதியிருந்ததையும், வழியில் ஜனங்கள் கல்லெறிந்ததையும் அதில் போனவர்கள் இன்றும் சொல்கிறார்கள். போய்ச் சேர்ந்த இடம் ராஜஸ்தானில் தேவ்லி முகாம். சுமார் 3,000 பேர். விசாரணை கிடையாது. போர் ஒரு மாதத்தில் நின்றுவிட்டது. சிலர் 1967 வரை உள்ளேயே இருந்தார்கள். முகாமிலேயே பிறந்த குழந்தைகளும் உண்டு.

சட்டத்தைப் பார்த்தால் வயிறு எரியும். அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி இவர்களில் ஒருவர் எப்போதாவது எதிரி நாட்டுக் குடியாக இருந்திருந்தால் போதும், பேரனையும் பிடிக்கலாம்.

1963-ல் சீன அரசு கப்பல் அனுப்பியது. போக விரும்புகிறவர்கள் போகலாம் என்றார்கள். முகாமிலிருந்து ரயிலில் மெட்ராஸ் வந்து கப்பல் ஏறியவர்களைத்தான் உங்கள் தாத்தா பார்த்திருக்கிறார். மூன்று தடவையாக 2,000 பேருக்கு மேல் போனார்கள். அதில் பலர் சீனாவைக் கண்ணால் பார்த்ததில்லை, அந்தப் பேச்சும் சரியாக வராது. முள்வேலிக்குள் வைத்துக்கொண்டு ‘இருக்கிறாயா, போகிறாயா’ என்று கேட்டால் யார்தான் தெளிவாக முடிவெடுக்க முடியும்?

முருகேசன்_வேலூர்:
சார், கோபித்துக்கொள்ளாதீர்கள். என் பெரியப்பா அந்தப் போரில் இருந்தவர். எல்லையோர மாநிலம், நடுவில் உளவாளி யாராவது இருந்தால்? அரசு சந்தேகப்பட்டதில் தப்பென்ன?

சேது_தின்சுகியா:
உங்கள் பெரியப்பாவுக்கு என் வணக்கம். சந்தேகம் இருந்தால் சந்தேகப்பட்ட ஆளை விசாரிக்கட்டும், ஆதாரம் இருந்தால் சிறையில் போடட்டும். கைக்குழந்தையும் எழுபது வயதுப் பாட்டியும் என்ன உளவு பார்ப்பார்கள்? அமெரிக்காவும் 1942-ல் இதைத்தான் செய்தது. ஜப்பானிய வம்சத்தினர் சுமார் 1,20,000 பேரை முகாமில் அடைத்தது. பெரும்பாலோர் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள். ஆனால் 1988-ல் சட்டம் போட்டு மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் கொடுத்தது.

கதிர்_ராயபுரம்:
நன்றி ஐயா. விடுதலையாகி ஊர் திரும்பியவர்கள் என்ன ஆனார்கள்? வீடெல்லாம்?

சேது_தின்சுகியா:
பலருக்கு வீடு இல்லை. எதிரிச் சொத்து என்று ஏலம் விட்டிருந்தார்கள். மாகும்காரர்கள் சிலர் தங்கள் வீட்டில் வேறு குடும்பம் குடியிருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். நிறையப் பேர் பிறகு கனடா போய்விட்டார்கள். டொரன்டோவில் சங்கம் வைத்திருக்கிறார்கள். 2017-ல் வயதானவர்கள் பஸ் பிடித்து ஒட்டாவா போய், அரசு வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்று இந்தியத் தூதரகத்தில் கடிதம் கொடுக்கப் பார்த்தார்கள். பணம் வேண்டாம், செய்தது தப்பு என்று ஒரு வார்த்தை போதும் என்பவர்கள் அவர்களில் உண்டு. தாத்தா வேறு ஏதாவது சொல்லியிருந்தால் இங்கே எழுதுங்கள் தம்பி. கப்பலில் ஏறியதைப் பார்த்தவர்கள் பேச்சு எங்கேயும் பதிவாகவில்லை என்றால் அது பெரிய நஷ்டம்.