மார்கழிக்கு வரும்போது என்ன கொண்டுவரட்டும்?

குழு: உவர்மலை வீட்டார் (திருகோணமலை)

நிலா (ரொறன்ரோ): எல்லோருக்கும் வணக்கம். பிள்ளைகளுக்கு நத்தார் லீவு விட்டதும் வருகிறோம். இங்கே மலிவு விற்பனை தொடங்கிவிட்டது. யாருக்கு என்ன வேண்டும் என்று இன்றைக்கே எழுதுங்கள்.

கவி: சித்தி, எனக்கு ஹெயார் ட்ரையர்! இந்த மழைக்குத் தலைமுடி காய்வதே இல்லை.

மாமி: எனக்கு ஒரு மிக்சி, பிள்ளை. சம்பல் அரைக்கக் கை வலிக்கிறது.

சுமதி: நிலா, இரண்டையும் அங்கே வாங்காதே. கனடாவில் கரண்ட் 120 வோல்ட், இங்கே 230. போன தடவை எனக்கு வந்த முடி நேராக்கும் கருவி பிளக்கில் போட்ட ஒரு நிமிடத்தில் புகைந்தது, நினைவிருக்கிறதா? வோல்ட் இரண்டு மடங்குக்குக் கிட்ட ஏறினால் சூடு நான்கு மடங்குக்குக் கிட்ட ஏறும். உள்ளே இருக்கிற கம்பி எப்படித் தாங்கும்?

கவி: பிளக் மாற்றி போட்டால் சரிவராதா பெரியம்மா?

சுமதி: அது பிளக்கின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்ட்டை இல்லை. பொருளில் ‘100–240’ என்று அச்சடித்திருந்தால் பயமில்லாமல் வாங்கலாம். போன் சார்ஜர்களில் அப்படித்தான் இருக்கும்.

மாமி: சரி, மிக்சியை நான் இங்கேயே வாங்குகிறேன். பழுதானால் திருத்த ஆளும் உண்டு.

சுமதி: சார்ஜ் பண்ணும் லைட் ஒன்று கொண்டுவா, நிலா. காற்றும் மழையும் சேர்ந்தால் கரண்ட் போய்விடுகிறது. 20,000 மில்லி அம்பியர்-மணி பவர் பாங்க் ஒன்றும் நல்லது. அதைப் பெரிய பெட்டியில் வைக்காதே, கைப்பையில்தான் கொண்டுவர வேண்டும்.

நிலா: குறித்துக்கொண்டேன் அக்கா. கவி, முகத்துக்கு ஏதாவது?

கவி: வெள்ளையாக்கும் கிரீம் சித்தி. வகுப்பில் எல்லோரும் பூசுகிறார்கள்.

சுமதி: அது மட்டும் வேண்டாம், கண்ணா. அந்த மாதிரிக் கிரீம்கள் சிலவற்றில் பாதரசம் கலந்திருக்கும். தோல் வழியாக உடம்புக்குள் போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். உன் நிறம் எங்கள் அம்மாவின் நிறம், எனக்கு அதைப் பார்க்கப் பார்க்கப் பிடிக்கும். வெயிலுக்குப் பூசும் சன்ஸ்கிரீன் கேள். எஸ்பிஎஃப், அதாவது வெயில் தடுப்பு அளவு, 30 போதும். அது எரிக்கும் கதிரில் 97 வீதத்தைத் தடுக்கும், 50 என்றால் 98. அந்த ஒரு வீதத்துக்காக மேலதிகக் காசு கொடுக்கத் தேவையில்லை. ஆனால் வெளியில் நின்றால் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திரும்பப் பூச வேண்டும்.

நிலா: சிங்க் ஆக்சைட் போட்டதாகப் பார்க்கிறேன். கடல் அடங்கினதும் புறாத்தீவுக்குப் போவீர்கள்தானே, ஆக்சிபென்சோன் என்ற இரசாயனம் கலந்த சன்ஸ்கிரீன் அங்கே கடலுக்குள் இருக்கிற முருகைக்கற்களுக்குக் கூடாதாம். ஹவாயில் 2021 இலிருந்து மருந்துச் சீட்டு இல்லாமல் அதை விற்க விடுவதில்லை.

கவி: சரி சித்தி, அதையே வாங்குங்கள். ஒரு லிப் பாமும்!

நிலா: அம்மாவுக்கு என்ன? கேட்டால் ஒன்றும் வேண்டாம் என்கிறா.

சுமதி: அவவுக்கு விரல் மூட்டு வீங்கியிருக்கிறது. நான் வேலைக்குப் போன பிறகு ஊறுகாய்ப் போத்தலைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்த் திறந்து வாங்கி வருகிறா. நேற்றுத்தான் எனக்குத் தெரிய வந்தது. மூடி திறக்கிற ரப்பர்ப் பிடி ஒன்று இருக்குமே, கரண்டும் தேவையில்லாதது.

நிலா: அக்கா, அதை முதலே சொல்லியிருக்கலாமே. மூடி என்ன அளவு?

சுமதி: பொறு, அடிமட்டம் வைத்துப் பார்க்கிறேன்.

சுமதி: ஊறுகாய் 7 சென்டிமீட்டர். ஹோர்லிக்ஸ் 8. மருந்துப் போத்தல் 4.

நிலா: மூன்றுக்கும் பொருந்துகிறதாக இன்றைக்கே தேடுகிறேன்.