பி.காம். படிக்கும் தம்பிக்கு எந்த ஆபீஸ் மென்பொருள்?

பொருநை:
தம்பி இந்த வருஷம் பி.காம். சேர்ந்திருக்கிறான். புது லேப்டாப்பில் விண்டோஸ் 11 இருக்கிறது, ஆபீஸ் இல்லை. 500 ரூபாய் கொடுத்தால் எம்.எஸ். ஆபீஸ் போட்டுத் தருவதாகக் கடையில் சொல்கிறார்கள். மாதாமாதம் சந்தா கட்டும் வசதி எங்களுக்கு இல்லை. இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் போட்டால் கல்லூரியில் சிக்கல் வருமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வாத்தியார்:
அந்த 500 ரூபாய் வேலை வேண்டவே வேண்டாம் அம்மா. அந்த விலைக்குப் போட்டுத் தருவது பெரும்பாலும் கிராக்தான், உரிமம் கிடையாது. அது ஓடுவதற்காக விண்டோஸின் வைரஸ் தடுப்பான டிஃபெண்டரை அணைத்துவிட்டுப் போய்விடுவார்கள். அதே லேப்டாப்பில்தான் தம்பி உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பான், பேங்க் கணக்கையும் திறப்பான்.

லிப்ரே ஆபீஸ் தாராளமாகப் போதும். நம் மாநிலப் பாடத்திட்டத்தின் பதினொன்றாம் வகுப்பு கணினிப் பயன்பாடுகள் புத்தகத்தில் எம்.எஸ். ஆபீஸ் இல்லை, ஓப்பன் ஆபீஸின் ரைட்டரும் (வேர்டு மாதிரி) கால்க்கும்தான் (எக்செல் மாதிரி) பாடம். 2010-இல் அந்த ஓப்பன் ஆபீஸிலிருந்து பிரிந்து வந்ததுதான் லிப்ரே ஆபீஸ். கேரள அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் இதில்தான் பழகுகிறார்கள். ஆனால் இறக்கும்போது பெயரைப் பார்த்து இறக்குங்கள். பழைய பெயரிலேயே அப்பாச்சி ஓப்பன் ஆபீஸ் என்று ஒன்று இன்னும் இருக்கிறது. அதில் வேர்டின் டாக்எக்ஸ் கோப்பைத் திறக்கலாம், டாக்எக்ஸாகச் சேமிக்க முடியாது. கடைசி நாளில் அசைன்மென்ட் அனுப்பும் பிள்ளைக்கு அது பெரிய தொல்லை.

மதுரை கணக்கர்:
கிராக் பற்றி சார் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. மற்றதை ஏற்க முடியாது. பையன் படிப்பது பி.காம். தமிழ் இலக்கியமோ வரலாறோ என்றால் நானும் லிப்ரே ஆபீஸ் போதும் என்றுதான் சொல்வேன்.

ஜிஎஸ்டி ஆண்டு அறிக்கைக்கான ஜிஎஸ்டிஆர்-9 ஆஃப்லைன் கருவி, மேக்ரோ (பொத்தானை அமுக்கினால் தானாக ஓடும் நிரல்) வைத்த எக்செல் கோப்பாக வருகிறது. வருமான வரித் துறையும் ரிட்டர்ன் தயாரிக்க எக்செல் யூட்டிலிட்டி கொடுக்கிறது. இவற்றை எல்லாம் மைக்ரோசாஃப்ட் எக்செலை மனதில் வைத்துத்தான் எழுதியிருக்கிறார்கள். கால்க்கில் திறந்து பொத்தானை அமுக்கி வேலை நடக்கும் என்று நம்பிப் பையனை அனுப்பாதீர்கள்.

அப்புறம் எக்செலில் இருக்கும் பவர் குவெரி வசதி. ஒரு கட்சிக்காரர் 12 மாத பேங்க் ஸ்டேட்மென்டைத் தனித்தனிக் கோப்பாக அனுப்புவார். எக்செலில் எல்லாவற்றையும் ஒரு ஃபோல்டரில் போட்டு ஒரே அட்டவணையாக இழுத்துவிடலாம். அடுத்த மாதக் கோப்பை அதே ஃபோல்டரில் போட்டு ரிஃப்ரெஷ் கொடுத்தால் போதும். கால்க்கில் இதற்கு இணையாக ஒன்று இல்லை. ஆடிட்டர் ஆபீஸுக்குப் பயிற்சிக்கு வருகிற பிள்ளையிடம் நாங்கள் முதலில் கேட்பதே எக்செல் வருமா என்றுதான்.

வாத்தியார்:
அது வேலைக்குப் போகும்போது வரும் தேவை ஐயா. முதல் வருஷத்துப் பையன் யாருக்கு ஜிஎஸ்டிஆர்-9 போடப் போகிறான்? இப்போது அவனுக்கு வேண்டியது ஃபார்முலா, பிவட் டேபிள், வரைபடம், நாலு பக்கம் ஒழுங்காக டைப் செய்வது. அட்டவணையில் தேடி எடுக்கும் எக்ஸ்லுக்அப் ஃபார்முலாகூட 2024-இல் வந்த 24.8 பதிப்பிலிருந்து கால்க்கில் இருக்கிறது. ஒன்றில் புரிந்துகொண்ட பையன் இன்னொன்றுக்குச் சீக்கிரமே மாறிவிடுவான்.

சந்தாவையும் யோசியுங்கள். கட்ட முடியாத மாதத்தில் கோப்பைத் திறந்து படிக்கலாம், திருத்த முடியாது. பணம் இல்லாத வீட்டுப் பிள்ளை தன் சொந்தக் கோப்பைத் தொட முடியாமல் உட்கார்ந்திருக்க வேண்டுமா? இதில் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது.

மதுரை கணக்கர்:
கோபம் நியாயம்தான் சார். ஆனால் அதே பணம் இல்லாத வீட்டுப் பிள்ளைக்குத்தான் முதல் வேலை சீக்கிரம் கிடைக்க வேண்டும். வசதியான வீட்டுப் பையன் எக்செலில் மூன்று வருஷம் பழகிவிட்டு வந்து நிற்பான். இவன் வேலைக்குச் சேர்ந்த அன்று கற்றுக்கொள்ளட்டும் என்று நாம் சொல்வது அவனுக்கு எப்படி உதவும்? சந்தா இல்லாமல் ஒரே தடவை பணம் கட்டும் ஆபீஸ் 2024-உம் இருக்கிறதே.

தென்றல்:
நான் எம்.காம். மாணவி. இரண்டு பேரும் விட்ட ஒன்றைச் சொல்கிறேன். தம்பிக்குக் கல்லூரி மின்னஞ்சல் கொடுத்திருக்கிறதா என்று முதலில் கேளுங்கள் அக்கா. கல்லூரி மைக்ரோசாஃப்ட் கல்விக் கணக்கு வைத்திருந்தால் வேர்டும் எக்செலும் பிரவுசரில் இலவசம்.

புராஜெக்ட் ரிப்போர்ட்டை நான் லிப்ரே ஆபீஸில்தான் முடித்தேன். தொந்தரவு வந்தது எழுத்துருவால். கைடு காலிப்ரியில் அனுப்பிய கோப்பு என் லேப்டாப்பில் வேறு எழுத்துருவில் திறந்தது. அட்டவணையின் கடைசி வரி மட்டும் அடுத்த பக்கத்துக்குப் போய்விடும். காலிப்ரிக்கு அகலம் பொருந்துகிற கார்லிட்டோ எழுத்துருவைப் போட்ட பிறகு சரியானது. டைம்ஸ் நியூ ரோமனில் கேட்டால் கவலை இல்லை, லிப்ரே ஆபீஸோடு வரும் லிபரேஷன் செரிஃப் எழுத்துரு அதே அகலம்தான். மதிப்பெண்ணுக்குக் கொடுக்கும் கடைசிப் பிரதியை எப்போதும் பிடிஎஃப் ஆக்கி அனுப்பச் சொல்லுங்கள்.

மதுரை கணக்கர்:
பிரவுசர் எக்செலில் மேக்ரோ ஓடாது, அதையும் சொல்லிவிடுங்கள். மற்றபடி பழகுவதற்கு நல்ல வழி.

பொருநை:
கல்லூரி மின்னஞ்சல் கொடுத்திருக்கிறார்கள், நாளைக்கே கேட்கச் சொல்கிறேன். லிப்ரே ஆபீஸை இன்றே போட்டுவிடுகிறோம். தமிழ்ப் பாடத்துக்கும் அசைன்மென்ட் இருக்கிறதாம். அதற்குத் தனியாக ஏதாவது வாங்க வேண்டுமா?

வாத்தியார்:
எதுவும் வேண்டாம். விண்டோஸ் 11-இலேயே தமிழ்99 விசைப்பலகை இருக்கிறது, மொழி அமைப்பில் சேர்த்தால் போதும். டிடிபி கடைகளில் பழகிய பாமினி மாதிரி பழைய எழுத்துருக்கள் மட்டும் வேண்டாம். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தமிழ் முழுக்க ஆங்கில எழுத்துக்களாகச் சிதறிக் கிடக்கும். எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடில் அடித்தது எந்த ஆபீஸிலும் தமிழாகவே தெரியும்.

எக்செல் வாங்குவதைப் பற்றி என் கருத்து மாறவில்லை. கல்லூரிக் கணக்கு கிடைத்தால் வாங்கத் தேவையே இல்லை.

மதுரை கணக்கர்:
நானும் மாறவில்லை சார். இரண்டாம் வருஷ விடுமுறையில் பயிற்சிக்குப் போகும் முன்னால் முழு எக்செல் கையில் இருக்க வேண்டும். அப்போது வாங்கினால் ஒன்றைக் கவனியுங்கள் அம்மா. ஆக்டிவேட் செய்யும்போது கடைப் பையன் தன் மின்னஞ்சலைப் போட்டுவிடுவான். உரிமம் அந்தக் கணக்கோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு மறுபடி ஏற்ற அவனைத்தான் தேட வேண்டும். தம்பியின் சொந்த மின்னஞ்சலில், தம்பி கையாலேயே செய்யச் சொல்லுங்கள். கல்லூரி மின்னஞ்சலும் கூடாது, படிப்பு முடிந்தால் அது போய்விடும்.