'சப்சிடியாரிட்டி'க்குத் தமிழில்: உரியநிலை?

குழுவினருக்கு வணக்கம். ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்தில் 'சப்சிடியாரிட்டி' (subsidiarity) என்றொரு கோட்பாடு உண்டு: ஒரு வேலையை உறுப்பு நாடுகளால் போதிய அளவு செய்ய முடியாதபோதுதான் ஒன்றியம் அதைச் செய்யலாம். அதற்குத் தமிழ்ச் சொல் தேடுகிறோம். வந்த கேள்வி ஒன்று:

> 'அதிகாரப் பரவலாக்கம்' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே, அது போதாதா?

போதாது ஐயா. பரவலாக்கம் என்றாலே அதிகாரம் மேலே இருக்கிறது, அங்கிருந்து கீழே பிரித்துக் கொடுக்கிறார்கள் என்றாகிவிடும். டெல்லியும் கொழும்பும் தருமா தராதா என்று பேசிப் பேசி நமக்குப் பழகிய சொல் அது. ஐரோப்பிய ஒன்றியத்தில் நிலைமை தலைகீழ். அதிகாரம் உறுப்பு நாடுகளுடையது. அவை ஒப்பந்தம் போட்டு ஒப்படைத்தது மட்டுமே ஒன்றியத்தின் கையில். அதிலும், நாடுகளால் போதிய அளவு செய்ய முடியாது, ஒன்றியம் செய்தால்தான் நன்றாக நடக்கும் என்று காட்டினால்தான் அது இறங்கலாம். 1992-இல் கையெழுத்தான மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தம் இதைப் பொதுவிதியாக்கியது.

'துணைமை' என்ற இன்னொரு சொல்லும் எனக்கு ஒப்பவில்லை. லத்தீன் வேருக்கு நெருக்கம்தான். ஆனால் 'துணை நிறுவனம்' என்று படித்துப் பழகியவருக்கு, நாடுகள் ஒன்றியத்தின் கிளைகள் போலத் தோன்றும்.

என் பரிந்துரை: உரியநிலை. 'உரிய' என்பதில் பொருத்தமும் இருக்கிறது, உரிமையும் இருக்கிறது.

வாக்கியத்தில் வைத்துப் பார்ப்போம். 2012-இல் வேலைநிறுத்த உரிமை பற்றி ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் ஒரு சட்டவரைவு கொண்டுவந்தது. லிஸ்பன் ஒப்பந்தப்படி, இந்தக் கோட்பாட்டை மீறுகிறது என்று வரைவை எதிர்க்க உறுப்பு நாடுகளின் நாடாளுமன்றங்களுக்கு 8 வாரம், நாட்டுக்கு 2 வாக்கு. அன்றிருந்த 27 நாடுகளின் 54 வாக்குகளில் 18 சேர்ந்தால் 'மஞ்சள் அட்டை', அதாவது ஆணையம் வரைவை மறுபரிசீலனை செய்ய வேண்டும். 19 சேர்ந்தன; அதுதான் முதல் மஞ்சள் அட்டை. ஆணையம் வரைவைத் திரும்பப் பெற்றது, ஆனால் 'உரியநிலை மீறல்' நடந்ததாக ஒப்புக்கொள்ளவில்லை. தடங்கல் இல்லாமல் ஓடுகிறது, இல்லையா?

----

சொல் பிடித்திருக்கிறது. ஆனால் ஓர் இடறல். சுங்க ஒன்றியம், யூரோ நாடுகளின் பணக்கொள்கை போன்றவை முழுக்க ஒன்றியத்துக்கே உரியவை; அங்கே இந்தக் கோட்பாடு பொருந்தாது. வெறும் 'உரியநிலை' என்றால் அவையும் உள்ளே வந்துவிடும். சுற்றுச்சூழல் போல ஒன்றியம், நாடுகள் இரண்டுக்கும் அதிகாரம் உள்ள துறையில், யார் செய்வது என்ற கேள்வி எழும்போதுதான் இதற்கு வேலை. ஆகவே கோட்பாட்டுக்கு 'உரியநிலைத் தேர்வு' என்று வைப்போம். 'உரியநிலை மீறல்' போன்ற தொடர்களில் சுருக்கம் போதும்.

----

சரி, ஏற்கிறேன். நம் சொற்பட்டியலில் 'உரியநிலைத் தேர்வு' என்றே சேர்த்துவிடுகிறேன். இந்தக் கோட்பாடு இருக்கும் ஐரோப்பிய ஒன்றிய ஒப்பந்தத்தின் 5-ஆம் பிரிவிலேயே, நடவடிக்கை தேவையான அளவை மீறக்கூடாது என்று சொல்லும் 'புரொபோர்ஷனாலிட்டி'க்கு 'அளவுப் பொருத்தம்' சரிவருமா என்று பாருங்கள்.