மடக்குச் சவரக்கத்திக்கு மரப்பிடி போட்டவர்களே, எந்த இடத்தில் சொதப்பினீர்கள்?

பெரியவீட்டுப் பேரன் (காரைக்குடி):
ஐயா ரங்கூனிலிருந்து கொண்டுவந்த ஷெஃபீல்டு கத்தி. பிடி உடைந்து அலகு மட்டும் கிடந்தது. வீட்டைப் பிரித்தபோது எடுத்துவைத்த ஜன்னல் சட்டம், பர்மாத் தேக்கு. அதில் பிடியின் இரு பக்கத்துக்கும் 3 மி.மீ. கனத்துக்கு இரண்டு பட்டை அறுத்து, ஒரு வாரம் உப்புத்தாள் போட்டேன். பித்தளைக் கம்பியைச் செருகித் தலையைத் தட்டிப் பரப்ப வேண்டியதுதான் பாக்கி. அலகு லேசாக ஆடியது. இன்னும் ஒரே தட்டு என்று நினைத்தேன். 'டிக்'. ஆணியிலிருந்து நுனிவரை விரிசல். சுத்தியலைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை, அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

கொட்டகை_தேவகோட்டை:
தேக்கைக் குறை சொல்லாதீர்கள்.

நான் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடையில் பழைய அலகு ஒன்று வாங்கி ஈட்டி மரத்தில் பிடி போட்டேன். வால்பக்கம் இரண்டு பட்டைக்கும் நடுவே வைக்கிற ஆப்பு தடித்துவிட்டது, பட்டை அகலமும் குறைவு. மூடினால் கத்தி வாய் மறுபக்கம் எட்டிப் பார்க்கிறது! பார்த்தது கண் இல்லை, உள்ளங்கை. ஆப்பு வைத்து எனக்கே ஆப்பு.

ஆத்தங்குடி ஆச்சி மகள்:
தேக்கை அவர் எங்கே குறை சொன்னார்? திரும்பப் படியுங்கள். எனக்கு நடந்தது சின்ன விஷயம். பிடியோடு ஆசாரியிடம் போனேன். அவர் மரத்தைப் பார்க்கவே இல்லை. "முதல்ல கத்தி வாயைக் கட்டு ஆத்தா" என்றார். டேப் சுற்றாமல் ஒரு மாதம் வேலை பார்த்திருக்கிறேன். இன்றும் நினைத்தால் விரல் கூசுகிறது.

எண்ணெய்ச்செட்டு:
நான் ஒரே ஒரு பிடிதான் போட்டேன், வளைந்துவிட்டது. ஆனால் சில விஷயம் சொல்லியே ஆக வேண்டும். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு; அசிட்டோன் தொட்டுத் துடைத்த பிறகே ஒட்டுங்கள். ஈட்டித் தூள் சிலருக்கு அரிப்புத் தரும், மூக்கை மூடிக்கொள்ளுங்கள். கம்பி 1.6 மி.மீ. என்றால் துளை இறுக்கமாக இருக்கக்கூடாது, இருபுறமும் வாஷர் வேண்டும், உருண்டைத்தலைச் சுத்தியலால் சிட்டுக்குருவி கொத்துவது போலத் தட்ட வேண்டும். ஆடினால் இரண்டு தட்டு, திறந்து மூடிப் பார், மறுபடி இரண்டு. மரத்தை வெட்டும் முன் அட்டையில் வெட்டிக் குண்டூசி குத்தி மூடிப் பார்த்திருந்தால் தேவகோட்டைக்காரர் கை தப்பியிருக்கும். அப்புறம், பழைய செல்லுலாய்டு (அந்தக் கால பிளாஸ்டிக்) பிடி வைத்திருப்பவர்கள் நல்ல கத்தியோடு ஒரே பெட்டியில் போடாதீர்கள். அது சிதையும்போது வரும் ஆவி அலகைத் துருப்பிடிக்க வைக்கும். சுலபமாகத் தீயும் பிடிக்கும். தேங்காய் எண்ணெய் பூசலாமா என்று யாராவது கேட்பீர்கள். வேண்டாம், அது காயாது, ஆளி விதை எண்ணெய் போடுங்கள்...

கொட்டகை_தேவகோட்டை:
யாரும் கேட்கவில்லையே அண்ணே.

பெரியவீட்டுப் பேரன்:
துளை இறுக்கம்தான் என்று இப்போது படுகிறது. வாஷரும் போடவில்லை. அந்தச் சட்டத்தில் ஒரு சாண் துண்டு மிச்சம் இருக்கிறது. அட்டையை வெட்டிக்கொண்டிருக்கிறேன்.